மாப்பிள்ளை ஒட்டுப்போட்ட பாட்டுகள்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். அங்கே நீங்களும் பாப்பாவும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். பார்சலைக் கவிழ்த்து உதறியும் ஒரு துண்டுச் சீட்டுகூட விழவில்லை. இரண்டு இசைத்தட்டுகள்தான் விழுந்தன.

முதல் தட்டைப் போட்டேன். டம் டம் டம் டம் என்று ஆரம்பித்தது. சரி, பாட்டு பின்னால் வரும் என்று காத்திருந்தேன். எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் டம் டம்தான். கீறல் விழுந்து ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று தட்டை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டேன். மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் இறங்கி வந்தார்.

"சார், மோட்டாரை ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா? தொட்டி வழியப் போகுது."

"மோட்டார் இல்ல டாக்டர், என் மாப்பிள்ளை" என்றேன். துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அட்டையில் முகத்தை மறைக்கும் குல்லாயோடு நிற்கிறீர்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பூனை' என்று போட்டிருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயருக்கு என்ன குறை வந்தது? உள்ளே இருக்கும் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பாடியவர்கள் வேறு. இசையமைத்தவர்கள் வேறு. அப்படியானால் இதில் உங்கள் வேலை எது? ஓட்டலில் தட்டைக் கொண்டுவந்து வைத்தவர் சமையலுக்குக் கைதட்டல் கேட்கலாமா?

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பாப்பாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீங்களா? வலியைப் பொறுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க.

கேட்டதுக்கு ரொம்ப நன்றி மாமா. கேட்க மாட்டீங்கன்னு நினைச்சேன். இதுக்கு ஹவுஸ் மியூசிக்னு பேரு. பாட்டெல்லாம் மத்தவங்க பாட்டுதான், அனுமதி வாங்கித்தான் போட்டிருக்கு. எதுக்குப் பின்னால எது வரணும்னு முடிவு பண்றதும், ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்னொண்ணை உள்ள கொண்டுவர்றதும் என் வேலை. ரெண்டோட வேகத்தையும் ஒண்ணாக்கி, தாளம் பிசகாம சேர்க்கணும். சேர்த்த இடம் யாருக்கும் தெரியக் கூடாது. ஆடுறவங்க கால் நிக்கவே கூடாது. அதான் தொழில்.

ரெண்டாவது தட்டையும் கேளுங்க. நடுவுல ஒரு பொண்ணு பாடுவாங்க. அந்த இடத்துக்காகத்தான் இந்த ஆல்பத்தையே செஞ்சேன்.

பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில வேலை ஜாஸ்தி. பிசியோதெரபி பிரிவுல ஆள் குறைவு. நேரம் கிடைக்கும்போது எழுதுவா.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

உங்கள்
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

வெந்நீர் ஒத்தடத்துக்கு வலி மசியவில்லை. மற்றபடி நலம்.

பேசுகிறபடியே எழுதுகிறீர்கள். பாட்டை ஒட்டுவதில் இருக்கும் அக்கறை எழுத்திலும் கொஞ்சம் இருக்கலாம்.

இரண்டாவது தட்டையும் கேட்டாயிற்று. அந்தப் பெண் பாடுகிறாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு வரி. "இன்னும் வீட்டுக்குப் போகாதே" என்பதுதான் அர்த்தமாம். பக்கத்துத் தெரு ஆங்கில வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதையே திருப்பித் திருப்பி, அழுத்தி, இழுத்து, பாதியில் வெட்டி, மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாம் வரி எழுதிக் கொடுக்க அவளுக்கு ஆள் கிடைக்கவில்லையா? அவள் பாடிய வேகத்தையும் நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். ஒருத்தி மூச்சு விட்ட வேகத்தை மாற்ற நீங்கள் யார்?

ஆயுசில் பாதியை வானொலி நிலையத்தில் கழித்தவன் நான். பாட்டு முடிந்ததும் கொஞ்சம் சும்மா இருப்போம். கேட்டவன் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று. பிறகு பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாட்டு. நீங்கள் யாரையும் சொல்லவில்லை. யாரையும் மூச்சு விடவும் விடவில்லை. முன்னால் போனவன் உட்கார்ந்த நாற்காலி சூடு ஆறுவதற்குள் அடுத்தவனைப் பிடித்து உட்கார வைக்கிறீர்கள்.

பல் டாக்டர் முதல் தட்டை இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பல்லைத் துளைக்கும் சத்தம் நோயாளிக்குத் தனியாகத் தெரியாமல் இருக்கிறதாம். உங்கள் கலைக்குச் சரியான இடம் கிடைத்துவிட்டது.

பாப்பா ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தாள். "நல்லா இருக்கேன்பா, டியூட்டி" என்றாள். அவ்வளவுதான். அந்தத் தகரக் குரலில் என் மகள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. எழுதச் சொல்லுங்கள்.

மாமா


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். டாக்டர்கிட்ட முட்டியைக் காட்டுங்க. பல் டாக்டர்கிட்ட இல்ல.

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். கோபம் வந்தது. அதனால இதைச் சொல்லிடறேன். பாட்டைவிட உங்க அறிவிப்பு நீளமா இருக்கும்னு பாப்பா சொல்லுவா. சின்ன வயசுல ரேடியோவைப் பார்த்து "அப்பா, போதும், பாட்டைப் போடு"ன்னு கத்துவாளாம். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் கத்தியிருப்பாங்க.

எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க. ஆனா எழுதினதை அடிக்கப் போறதில்ல.

திட்டுறதுல நீங்க தனியாளும் இல்ல. ஒரு பத்திரிகையில விமர்சனம் வந்திருக்கு, வெட்டி இதோட வெச்சிருக்கேன். மொத்தமே நாலு வரி. "லிஃப்டில் ஏறி இறங்கும் நேரத்துக்கு ஏற்ற இசை. பூனை தூங்கும்போது கலந்தது போலிருக்கிறது." ஒன்றரை வருஷ வேலை மாமா. ஆல்பம் போட்ட கம்பெனியிலயும் இப்ப என் ஃபோனை எடுக்கறதில்ல.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

மாப்பிள்ளை


மே 6

மாப்பிள்ளைக்கு,

நலம். கோபத்தில் இருக்கிறேன், அதனால் முட்டி வலிப்பது தெரியவில்லை.

யார் இந்த ஆள்? லிஃப்டாம். இவர் ஏறிய லிஃப்டில் எந்தக் காலத்தில் பாட்டு போட்டார்கள்? முதல் தட்டின் பின்பாதியில் அடியில் ஓடும் அந்தக் கனத்த தந்திச் சத்தம் மட்டும் நின்று, மேலே கைதட்டல் போல ஒன்று தனியாகப் போகிறதே, அதை இவர் கேட்டிருந்தால் தூங்கும் பூனை என்று எழுதியிருக்க மாட்டார். இரண்டாவது தட்டை உறையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை, எழுத்திலேயே தெரிகிறது. ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். நகலை உங்களுக்கு அனுப்ப மாட்டேன், அதில் உங்களைப் பற்றியும் நாலு வார்த்தை இருக்கிறது. "இந்த ஆல்பம் மட்டமானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்ல முதலில் முழுவதும் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டவன்" என்று முடித்திருக்கிறேன்.

என் மாப்பிள்ளையைத் திட்ட நான் இருக்கிறேன். வழியில் போகிறவர் எல்லாம் கை வைக்க இது பொதுச் சுவரா?

பாப்பா சின்ன வயசில் கத்தியது உண்மைதான். கூட நின்று அவள் அம்மாவும் சேர்ந்து கத்துவாள்.

இன்னொன்று. பாப்பா பிறந்தநாளுக்குச் சால்வை அனுப்பினேன். கிடைத்ததா, இல்லையா? ஃபோனிலும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. ஓயாமல் களைப்பு என்கிறாள். அவள் அம்மாவும் இப்போது இல்லை. நான் ஆண்பிள்ளை, இதையெல்லாம் அவளிடம் நேராகக் கேட்கத் தெரியாது. விசேஷம் ஏதாவது உண்டா? இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள். அந்தச் செய்திக்கு ஈடாக உங்கள் அடுத்த ஆல்பத்தைத் திட்டாமல் கேட்கிறேன்.

மாமா


ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பார்த்தேன். ஆவல்தான் அதிகமாக இருக்கிறது.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. பாட்டுக்கு நடுவில் ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாத மனிதருக்குக் கடிதத்தில் மட்டும் இப்படி ஒரு மௌனமா? நிலையத்தில் இவ்வளவு நேரம் சத்தம் வராமல் இருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

பத்திரிகைக்காரரும் பதில் போடவில்லை. அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மாமா


ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நல்லா இருக்கீங்களா? லேட்டானதுக்கு மன்னிக்கணும். ஊர் ஊரா வேலை இருந்தது. ஒரு கப்பல்லகூட வாசிச்சேன். அங்க ஒருத்தர் வந்து, "தம்பி, எல்லாரும் தூங்கணும், வால்யூமைக் குறைக்கிறியா?"ன்னார். பெரிய பெரிய மேடையெல்லாம் இப்ப என்கிட்ட வர்றதில்ல. பக்கத்துல ஒரு செருப்புக்கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, ஒத்துக்கிட்டேன். நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்கே தெரியும், அதனால நீங்க எழுத வேண்டாம்.

அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டு தேடிட்டிருக்கேன். மெதுவா ஓடுற பாட்டுகளா எடுக்கலாம்னு ஒரு யோசனை. முதல் பாட்டை மட்டும் இன்னும் முடிவு பண்ணல. ஒரு பியானோ இருக்கு, அதுல ஆரம்பிக்கலாமா, வேண்டாமான்னு.

விசேஷம் ஒண்ணும் இல்ல மாமா. பாப்பா நல்லா இருக்கா. அவளுக்குப் பதவி உயர்வு கிடைச்சிருக்கு. சால்வை கிடைச்சது.

விலாசம் மாறியிருக்கு, மேல எழுதியிருக்கேன். சின்ன வீடு, ஆனா வெளிச்சம் நல்லா வருது. இனிமே எனக்கு இங்கயே எழுதுங்க.

மாப்பிள்ளை


ஜூலை 15

மாப்பிள்ளைக்கு,

இந்தத் தடவை உடல்நலத்தைத் தள்ளி வைப்போம்.

"எனக்கு இங்கயே எழுதுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வருஷமாக "எங்களுக்கு" என்று எழுதிக்கொண்டிருந்தவர் நீங்கள்.

ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். ஒருவர் பேசும்போது பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்து அவர் எந்த மாதிரி இடத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். பாப்பா காலையில் ஃபோன் செய்தாலும் சாயங்காலம் செய்தாலும் பின்னால் லிஃப்ட் மணி அடிக்கிறது, தள்ளுவண்டி உருள்கிறது, யாரையோ மைக்கில் வார்டுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் வீட்டிலிருந்து பேசவில்லை. டியூட்டி என்று சொன்னாள், நம்பித் தொலைத்தேன். டியூட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு.

ஒன்று முடிந்துபோனது வெளியே தெரியாமல் அடுத்ததை உள்ளே நுழைத்துச் சத்தத்தால் மூடுவது உங்கள் தொழில். செருப்பு வாங்க வருகிறவர்களிடம் அதைக் காட்டுங்கள். கப்பல், பியானோ, வெளிச்சமான வீடு என்று என்னிடம் ஓட்டாதீர்கள்.

என் மகள் எங்கே?

மாமா


ஜூலை 28

மாமா,

உங்க கடிதம் வந்த அன்னிக்கே எழுத உட்கார்ந்தேன். இன்னிக்குத்தான் முடியுது.

பாப்பா ஜனவரியிலேயே போயிட்டா. வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்து, அதே கட்டடத்துல குவார்ட்டர்ஸ்ல இருக்கா. நீங்க அவளுக்குப் போடற கடிதம், சால்வை எல்லாத்தையும் நான்தான் அங்க திருப்பி அனுப்பறேன். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ எதுவும் சொல்லாத"ன்னு கேட்டுக்கிட்டா. சொல்லிடுவா, சொல்லிடுவான்னு நானும் இருந்தேன்.

சண்டை எதுவும் இல்ல மாமா. அவ வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு நான் கிளம்புவேன். நான் வந்து படுக்கும்போது அவ கிளம்புவா. கதவுப் பக்கத்துல பார்த்துக்குவோம். ஆல்பம் முடிஞ்ச அன்னிக்கு வேலைக்குக் கிளம்பறதைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தேன். அவ வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள போட்டுக் காட்டினேன். தோள்ல பையோடயே நின்னு கேட்டா.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"எந்த இடம்?"

"எல்லாமே. கொஞ்சம் நிறுத்தேன், உங்கிட்ட பேசணும்."

"நடுவுல நிறுத்தினா தெரியாது. முழுசா கேளு, இன்னும் கொஞ்சம்தான்."

உட்கார்ந்தா. நான் ஸ்பீக்கரையே பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டாவது தட்டு முடிஞ்சு திரும்பிப் பார்த்தா, மடியில பையை வெச்சுக்கிட்டு அப்படியே தூங்கிப் போயிருந்தா. எழுப்ப மனசு வரல. போர்வை போர்த்திட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் துணியை மடிச்சுக்கிட்டே, "அங்க வேலை கேட்டிருந்தேன், கிடைச்சிடுச்சு"ன்னா. "நானும் வரட்டுமா?"ன்னு கேட்டேன். "வந்தா அங்கயும் கதவுகிட்டதான் பார்த்துக்கணும்"னா. அன்னிக்கு நிறுத்தச் சொல்லி அவ பேச வந்தது என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது. கேட்டேன். "மறந்துபோச்சு"ன்னா.

அப்புறம் ஆல்பம் வந்தது. நண்பர்கள் எல்லாரும் அருமை, அருமைன்னாங்க. ஒருத்தரும் முழுசா கேட்கல. நீங்க கேட்டுட்டுத் திட்டுவீங்கன்னு தெரியும். அதான் அனுப்பினேன்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 9

மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கிழவனை ஏமாற்றியிருக்கிறீர்கள். அதையும் ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை.

பாப்பாவுக்கு எழுதினேன். லீவு போட்டுவிட்டு நேரில் வந்தாள். இளைத்திருக்கிறாள். "அவர் நல்லவர்தான்பா" என்றாள். "கெட்டவரா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்காது." நான் எழுந்துபோய் அவளுக்குக் காபி போட்டேன்.

சாயங்காலம் வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது மாடியில் கிளினிக்கில் உங்கள் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசல் படிக்கட்டில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். நான் பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் வீட்டுக்குள் வந்து, "சாப்பிடலாமாப்பா?" என்றாள்.

மேசையில் உங்கள் கடிதங்களைப் பார்த்தாள்.

"அவருக்கு எதுக்குப்பா எழுதறீங்க? நாளைப்பின்ன நாங்க கோர்ட்டுல நிக்கணும்."

"திட்டித்தான் எழுதறேன்."

"திட்டியும் எழுத வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். என் மகள், நான் வேறு என்ன சொல்ல முடியும்? இங்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள். வந்தால் என்னோடுதான் இருப்பாள். ஆகவே இத்துடன் முடித்துக்கொள்வோம்.

பியானோவில் ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் பியானோவில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மாமா


அக்டோபர் 23

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எழுதக் கூடாதுதான். இது ஒண்ணு மட்டும்.

நேத்து கோர்ட்டுல கையெழுத்து போட்டோம். கூப்பிட நேரமாச்சு. வராந்தாவுல ஒரே பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். ரெண்டு பேரும் முழிச்சிருந்தோம். உங்க முட்டியைப் பத்திக் கேட்டேன். "ஆபரேஷன் வேணும்னு சொன்னா, டாக்டருக்கு எலும்பைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கறார்"னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க.

ஆபரேஷன் பண்ணிக்கோங்க மாமா. அவ படிச்சதே அதுக்கப்புறம் நடக்க வைக்கிறதுக்குத்தான்.

நீங்க திட்டினதுக்கெல்லாம் நன்றி.

இனிமே எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னு தெரியல. அதனால போடல.


பிப்ரவரி 11

நலம். உங்கள் நலத்தை அறிய வழியில்லாமல் இருந்தேன், இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

மேலே எப்படி விளிப்பது என்று யோசித்ததில் ஒரு முழுத் தாள் வீணாகிவிட்டது. 'மாப்பிள்ளை' என்ற சொல்லுக்கு வேறு ஆள் வரப்போகிறார். பாப்பா மாற்றலாகி வந்த ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர். என் முட்டியைத் திறந்து மூடியதும் அவர்தான். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறார், பாப்பாவும் வந்துவிடுகிறாள், இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவள் முகத்தில் சதை போட்டிருக்கிறது. இதை உங்களுக்கு எழுதலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நல்ல மனிதர். அதுதான் என் கஷ்டம். நான் எது சொன்னாலும் "ஆமாம் அங்கிள்" என்கிறார். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "சூப்பர் அங்கிள்" என்றார். அதைவிட மட்டமான ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அதுவும் சூப்பராம். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவது? திட்டலாம் என்று வாயைத் திறந்தால், எதைத் திட்டுவது? பிடித்துக்கொள்ள ஒரு முனைகூட இல்லாத மனிதர்.

அடுத்த ஆல்பம் எந்த மட்டில் இருக்கிறது? முடியாவிட்டால் பாதியையாவது அனுப்புங்கள். முடிந்த பிறகு திருத்த முடியாது, அப்புறம் நான் திட்டி என்ன பிரயோஜனம்?

வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். தபாலைப் பாப்பாதான் பிரிக்கிறாள். நான் காலையில் பேப்பர் படிக்கப் போகும் நூலகத்தின் விலாசத்தை மேலே எழுதியிருக்கிறேன். நூலகர் அம்மாளிடம் சொல்லி வைத்தாயிற்று. புத்தகத்தை வரிசையாக அடுக்க அவருக்குத் தெரியாது. ஆனால் வாயைத் திறக்க மாட்டார்.